உலோக விசிலை வீட்டுப் பொருள்களால் சுத்தம் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். விடுமுறை நாள்களில் வாலிபால் ஆட்டங்களுக்கு நடுவராகவும் நிற்பதுண்டு. விசில் என் கழுத்தில் தொங்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகிவிட்டன. மாணவர்களும், புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியர்களும், சில நேரம் பிள்ளைகளின் அம்மாக்களும் விசிலைச் சுத்தம் செய்வது பற்றி என்னிடம் கேட்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். புளி, எலுமிச்சை, சமையல் சோடா, பூந்திக்கொட்டை என்று வீட்டில் இருப்பதைக் கொண்டே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். ஆனால் பூஜைப் பாத்திரத்தைத் துலக்குவது போல விசிலைத் துலக்கக் கூடாது. பூஜைப் பாத்திரம் வாய்க்குள் போவதில்லை, விசில் போகிறது.

என் எச்சில்தானே, அதை ஏன் கழுவ வேண்டும்?

எச்சில் உங்களுடையதுதான். அது விசிலுக்குள் போன பிறகு நடப்பதுதான் பிரச்சினை. உள்ளே இருட்டு, ஈரம், காற்று குறைவு. அதோடு மைதானத்துத் தூசி, வியர்வை, குடித்த டீயின் மிச்சம். இரண்டு மூன்று நாளில் உள்சுவரில் வழுவழுவென்று ஒரு படலம் பிடித்துக்கொள்ளும். காலையில் பல் துலக்கும் முன் நாக்கில் தட்டுப்படுமே, அதே மாதிரிப் படலம்தான். நீங்கள் ஊதுவதற்கு முன் மூச்சை இழுக்கும்போது அந்த வாடை திரும்பி வாய்க்குள் வருகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் ஊதுகிறவர் வாரம் ஒரு முறையாவது கழுவினால் நல்லது.

என்னுடைய விசில் எந்த உலோகம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதை முதலில் பார்த்துவிடுங்கள். மற்றக் கேள்விகளுக்கான பதில் பாதி இதில்தான் இருக்கிறது.

வாய் வைக்கும் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மேலே வெள்ளையாக மின்னி, பல் பட்டுத் தேய்ந்த இடத்தில் மட்டும் மஞ்சள் தெரிந்தால் அது நிக்கல் அல்லது குரோமிய முலாம் பூசிய பித்தளை. நல்ல உலோக விசில்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். முழுக்க மஞ்சளாக இருந்தால் முலாம் இல்லாத பித்தளை. காந்தத்தில் பச்சென்று ஒட்டினால் இரும்புத் தகட்டில் முலாம் பூசியதாக இருக்கலாம். மலிவான விசில்களில் இது அதிகம். எவர்சில்வரிலும் சில வகை காந்தத்தில் ஒட்டும், அதனால் விளிம்பில் துரு இருக்கிறதா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை, நிறமும் மங்கிய வெள்ளை என்றால் அலுமினியம்.

உள்ளே உருள்கிற குண்டு எதனால் ஆனது? அது நனையலாமா?

பெரும்பாலும் தக்கை, அதாவது கார்க். சிலவற்றில் பிளாஸ்டிக். மேலே இருக்கும் பிளவு வழியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். பழுப்பாக, சொரசொரப்பாக இருந்தால் தக்கை.

விசில் எப்படிச் சத்தம் போடுகிறது என்று தெரிந்தால் இந்தக் குண்டின் அருமை புரியும். நாம் ஊதும் காற்று ஒரு குறுகிய பாதை வழியாக ஓடிவந்து, மேலே திறந்திருக்கும் பிளவின் கூரான விளிம்பில் மோதுகிறது. மோதிய காற்று அந்த விளிம்புக்கு மேலும் கீழுமாக மாறி மாறிச் சாய்கிறது. அந்த அதிர்வை உள்ளே இருக்கும் அறை பெருக்கிக் கொடுக்கிறது. குண்டு அந்த அறைக்குள் சுழன்று பிளவை மறைத்து மறைத்துத் திறப்பதால் சத்தம் ‘கிர்ர்ர்’ என்று உடைந்து உடைந்து வருகிறது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜோசப் ஹட்சன் 1880களில் செய்து விற்ற ‘ஆக்மி தண்டரர்’ விசில் இந்தக் குண்டால்தான் பெயர் வாங்கியது. இன்றைக்கும் நம் ஊர்க் கடைகளில் தொங்கும் உலோக விசில்கள் அநேகமாக அதே அமைப்புதான்.

ஆக, கெட்டுப்போனால் விசிலையே கெடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று அந்தக் கூரான விளிம்பு, இன்னொன்று குண்டு. விளிம்பில் கீறல் விழக் கூடாது. தக்கை கொஞ்ச நேரம் நனையலாம், ஊறக் கூடாது. ஊறினால் உப்பும், உப்பினால் சுற்றாது.

அன்றாடம் கழுவ எளிய வழி என்ன?

கை தாங்கும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு சொட்டு. கயிற்றைக் கழற்றிவிட்டு விசிலைத் தண்ணீரில் முக்கி, பிளவு வழியாக உள்ளே தண்ணீர் போகவிட்டு, இரண்டு பக்கத்தையும் விரலால் அடைத்துக்கொண்டு இருபது எண்ணும் வரை குலுக்குங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை. வாய் வைக்கும் பகுதியை மிருதுவான டூத்பிரஷால் தேயுங்கள். குழந்தைகளுக்கான பிரஷ் என்றால் இன்னும் சரி. அப்புறம் நல்ல தண்ணீரில் நுரை போகும் வரை அலசுங்கள். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது. தக்கைக் குண்டு உள்ள விசிலை அதற்கு மேல் தண்ணீரில் வைக்காதீர்கள்.

ரப்பர் உறை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கழுவுங்கள். அதற்கு அடியில்தான் எச்சில் தேங்கும். உறையைக் கழற்றாமலே ஒரு வருடம் ஊதிய விசில் ஒன்றை ஒரு மாணவன் கொண்டுவந்து காட்டினான். உறையை உருவியதும் கீழே பித்தளை பச்சைப் பசேலென்று இருந்தது.

சோப்பு வேண்டாம், முழுக்க இயற்கையாக வேண்டும். பூந்திக்கொட்டை போதுமா?

போதும். நான்கைந்து பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, ஓட்டை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். குலுக்கினால் நன்றாக நுரைக்கும். அதில் இருக்கும் சப்போனின் என்ற பொருள் சோப்பைப் போலவே எண்ணெய்ப் பிசுக்கைத் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். மேலே சொன்ன முறையில் சோப்புத் தண்ணீருக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம். கசப்பு கடுமையாக இருக்கும், மூன்று நான்கு முறை அலச வேண்டும். கண்ணில் பட்டால் எரியும்.

சீயக்காய்த் தூளும் அரப்புத் தூளும் மட்டும் வேண்டாம். எவ்வளவு வடித்தாலும் நுண்ணிய தூள் தங்கும். அது குண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரிய பாடு.

காற்றுப் பாதை குறுகலாக இருக்கிறது. உள்ளே பிரஷ் போகவில்லையே?

தென்னை ஈர்க்குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நுனியின் கூர்மையை முறித்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் ஒரு விரல் அகலக் கீற்றைக் கிழித்து நுனியில் இறுக்கிச் சுற்றி நூலால் கட்டுங்கள். சோப்புத் தண்ணீரில் நனைத்து வாய்ப்பக்கமாக விட்டு மெதுவாக இழுங்கள். இரண்டாவது முறையிலேயே துணி கறுத்து வரும். பஞ்சு சுற்றாதீர்கள், பிய்ந்து உள்ளே நின்றுவிடும். ஊசி, சேஃப்டி பின், கம்பி எதுவும் கூடவே கூடாது. அந்தக் கூரான விளிம்பில் ஒரு சின்னக் கீறலோ வளைவோ விழுந்தால் சத்தம் கம்மிவிடும், அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

கழுவியபின் எப்படிக் காய வைப்பது?

என்னைக் கேட்டால் சுத்தம் செய்வதில் பாதிக்கு மேல் இதுதான். நன்றாகக் கழுவி ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடுவதைவிடக் கழுவாமல் காய வைப்பதே மேல்.

வாய்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்துப் பத்துப் பன்னிரண்டு முறை வேகமாக உதறுங்கள். பின்பு பலமாக நான்கைந்து ஊது. உள்ளே நிற்கும் தண்ணீர் சிதறி வெளியே வந்துவிடும். வெளிப்புறத்தைப் பருத்தித் துணியால் துடைத்து, ஜன்னல் ஓரமாக, காற்று படும் நிழலில், வாய்ப்பக்கம் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். குண்டு இல்லாத விசில் சில மணி நேரத்தில் காயும். தக்கைக் குண்டு உள்ளதற்கு ஓர் இரவு வேண்டும். மழைக்காலத்தில் ஒரு முழு நாள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நாள் முழுக்கப் போட்டுவைத்தால் தக்கை சுருங்கி வெடிக்கும். கையில் இரண்டு விசில் வைத்துக்கொண்டு ஒன்று மாற்றி ஒன்று ஊதினால் இந்தக் கவலையே இல்லை. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பித்தளை விசிலுக்குப் புளி போடலாமா?

முலாம் இல்லாத பித்தளை என்றால் போடலாம், வெளிப்புறத்துக்கு மட்டும். நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கெட்டியாகக் கரையுங்கள், ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். துணியில் தொட்டு விசிலின் மேல் ஒரு நிமிடம் தேயுங்கள், அதிகம் போனால் இரண்டு நிமிடம். பிளவும் வாய்ப் பாதையும் மேல்நோக்கி இருக்க வேண்டாம், கரைசல் உள்ளே வழியும். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த கறுப்பைக் கரைக்கிறது, உப்பு அதற்குக் கை கொடுக்கிறது. குத்துவிளக்கு பளிச்சிடுவதும் இதனால்தான். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, காய வைத்துவிட வேண்டும். அமிலம் கொஞ்சம் தங்கினாலும் மறுநாளே கறுக்கும்.

புளித் தண்ணீரில் ஊறப் போட மட்டும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, விளையாட்டு விழாவுக்கு முந்தின இரவு என் பித்தளை விசிலை ஒரு கிண்ணம் புளித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் மஞ்சள் நிறம் போய் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் பித்தளையில் இருக்கும் துத்தநாகம் கரைந்துபோய் மேலே செம்பின் நிறம் தங்கிவிடும். உள்ளே தக்கை உப்பி, பிளவில் இறுகிக்கொண்டது. அன்றைக்கு ஓட்டப்பந்தயத்தை எல்லாம் கைதட்டித்தான் தொடங்கி வைத்தேன். வரிசையில் கடைசியில் நின்ற பிள்ளைகளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, இரண்டு முறை மறுபடி ஓட வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளைகளின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

வெள்ளையாக மின்னும் முலாம் விசிலுக்கும் புளி, எலுமிச்சை போடலாமா?

வேண்டாம். நிக்கல் முலாம் மிக மெல்லியது. அமிலம் அதை மெதுவாக அரித்து மங்கச் செய்யும். முலாம் ஏற்கெனவே தேய்ந்த இடத்தில் ஓரத்தின் அடியிலும் போய் இன்னும் உரியச் செய்யும். முலாம் விசில் மங்கித் தெரிந்தால் அதன் மேல் இருப்பது பெரும்பாலும் கைப்பிசுக்குதான். சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்ந்த பருத்தித் துணியால் தேய்த்தாலே மின்னும்.

சமையல் சோடா எதற்குப் பயன்படும்?

வாய்ப்பக்கம் படிந்த மஞ்சள் கறைக்கும் வாடைக்கும் நல்லது. அரை ஸ்பூன் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் வெளிப்புறம் மட்டும் மெதுவாகத் தேயுங்கள். சோடாவின் துகள் நிக்கலைவிடவும் பித்தளையைவிடவும் மெதுவானது, அழுத்தித் தேய்க்காத வரை கீறாது. உள்ளே போட வேண்டும் என்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் முழுக்கக் கரைந்த பிறகு விட்டுக் குலுக்கி, நன்றாக அலசுங்கள். கரையாத துகள் உள்ளே நின்றால் குண்டு தடுக்கும்.

அலுமினிய விசிலுக்குச் சோடா வேண்டாம். காரம் பட்டால் அலுமினியம் கறுக்கும், அரிக்கும். அதற்குச் சோப்பு மட்டும்தான்.

வினிகரையும் சோடாவையும் சேர்த்தால் நுரைத்துக்கொண்டு அழுக்கு வரும் என்கிறார்களே?

நுரை வரும், பார்க்க நன்றாக இருக்கும். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கரியமில வாயு நுரையாகப் போன பின் மீதி இருப்பது சோடியம் அசிடேட் என்ற உப்புக் கரைந்த தண்ணீர்தான். அதற்குத் துப்புரவு செய்யும் சக்தி குறைவு. வேண்டுமானால் தனித்தனியாக, வேறு வேறு வேலைக்குப் பயன்படுத்துங்கள்.

வாய்ப்பக்கம் பச்சையாகப் படிந்திருக்கிறது. அதோடு ஊதலாமா?

ஊத வேண்டாம். அதுதான் களிம்பு. செம்பும் பித்தளையும் ஈரம், வியர்வை, அமிலம் பட்டு உண்டாக்கும் உப்புகள் அவை. வயிற்றுக்குள் போனால் குமட்டல், வாந்தி வரக்கூடும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொன்னதும் இந்தக் களிம்புக்குப் பயந்துதான்.

வெளியே மட்டும் லேசாக இருந்தால் எலுமிச்சைத் துண்டில் உப்பைத் தொட்டு அந்த இடத்தில் மட்டும் அரை நிமிடம் தேய்த்து உடனே கழுவுங்கள். முலாம் அங்கே போய்விட்டதால்தான் பச்சை வந்திருக்கிறது, அதனால் இந்த ஓர் இடத்துக்கு அமிலம் படுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். காற்றுப் பாதையின் உள்ளே பச்சை தெரிந்தால் புதிய விசில் வாங்குங்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது, முழுக்கப் போயிற்றா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது.

கழுவக் கழுவ வெள்ளைத் திட்டு விழுகிறதே?

ஆழ்குழாய்த் தண்ணீர் உள்ள ஊர்களில் எல்லாருக்கும் உள்ள தொல்லை. தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து காய்ந்து படிகிறது. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறு கலந்து, துணியில் தொட்டு ஒரு நிமிடம் ஒற்றி எடுத்தால் கரைந்துவிடும். நீர்த்த கரைசல், குறைந்த நேரம் என்பதால் முலாமுக்கும் பெரிய பாதகம் இல்லை. அடுத்த முறையிலிருந்து கடைசி அலசலை மட்டும் குடிக்கும் தண்ணீரில் செய்யுங்கள்.

சாம்பல், விபூதி, செங்கல் பொடி, பற்பசை?

நான்குமே தேய்த்துப் பளபளக்க வைப்பவை. தேய்ப்பது என்றால் மேல்தோலைக் கொஞ்சம் எடுப்பது. நெல் உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். அதைக் கொண்டு முலாம் விசிலைத் துலக்கினால் சில மாதத்தில் மஞ்சள் தெரிய ஆரம்பிக்கும். செங்கல் பொடி இன்னும் முரடு. பற்பசையையும் முலாம் மேல் போடாதீர்கள். முலாம் இல்லாத பித்தளைக்குக் கடைசிப் பளபளப்பாகச் சலித்த மெல்லிய விபூதியை உலர்ந்த துணியில் தொட்டுத் தேய்க்கலாம், ஆனால் துளைகளைத் துணியால் அடைத்துக்கொண்டு. முடித்ததும் கழுவியே ஆக வேண்டும்.

கொதிக்கிற தண்ணீரில் போட்டால் கிருமி எல்லாம் போய்விடுமா?

குண்டு இல்லாத உலோக விசிலை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்கலாம். காய்ச்சல், சளி வந்து போன பிறகு நான் இதைச் செய்வதுண்டு. முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கொதிக்க வையுங்கள். அழுக்கோடு போட்டால் அழுக்கு வெந்து ஒட்டிக்கொள்ளும். பற்றவைத்த இடம் விட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சாதாரண ஈயப் பற்று உருக 180 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில்.

தக்கைக் குண்டு உள்ளதைக் கொதிக்க வைக்காதீர்கள். அதற்குச் சோப்பும் நன்றாகக் காய்வதும்தான் வழி. சோப்பு கொழுப்பைப் பிரிக்கும். ஃப்ளூ, கொரோனா போன்ற வைரஸ்களுக்கு மேலுறையே கொழுப்புதான் என்பதால் சோப்பு பட்டதும் அவை சிதைந்துவிடும்.

வினிகர், எலுமிச்சை, உப்பு மூன்றும் கறையைப் போக்கும், வாடையைக் குறைக்கும். அவற்றைப் போட்டதால் கிருமி போயிற்று என்று நம்பி இன்னொருவர் வாயில் விசிலைக் கொடுக்காதீர்கள்.

வேப்பிலை, மஞ்சள் போட்ட தண்ணீர்?

வேப்பிலைத் தண்ணீரால் கெடுதல் இல்லை, கசப்பு மட்டும் நாள் கணக்கில் நிற்கும். மஞ்சள் தக்கையில் ஏறினால் போகாது. இரண்டும் சோப்பு செய்யும் வேலையைச் செய்யாது.

பிளீச்சிங் பவுடர்?

வேண்டாம். உலோகத்தை அரிக்கும். அதைவிட முக்கியமாக, பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையோ வினிகரோ புளியோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஒரே பாத்திரத்துக்குக் கிட்டே கொண்டுவர வேண்டாம்.

ஆட்டத்தின் நடுவே குண்டு ஒட்டிக்கொண்டு சத்தம் வரவில்லை. என்ன செய்வது?

வாய்ப்பக்கம் கீழே வைத்து உள்ளங்கையில் தட்டுங்கள், பின் உதறுங்கள். பெரும்பாலும் எச்சில் துளிதான் காரணம். அப்படியும் நகரவில்லை என்றால் ஈர்க்குச்சியின் மழுங்கிய நுனியால் பிளவு வழியாகக் குண்டை மெல்லத் தொட்டு நகர்த்துங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி ஒரு நாள் காய வையுங்கள். குண்டை நசுக்கி வெளியே எடுத்துக் கழுவி மறுபடி திணிக்கச் சிலர் சொல்வார்கள். தக்கை பிளந்துபோகும், செய்யாதீர்கள்.

ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டுக் கூடைப்பந்து நடுவருக்கு ஆட்டத்தில் குண்டு சிக்கி விசில் ஊதாமல் போனது. அந்த அனுபவத்தில் அவர் குண்டே இல்லாத பிளாஸ்டிக் விசில் ஒன்றை உருவாக்கி 1987இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுதான் ‘ஃபாக்ஸ் 40’. இன்று பெரிய ஆட்டங்களில் அந்த வகைதான் அதிகம். ஆனால் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது தக்கை உருளும் அந்த உடைந்த ஒலிதான் எனக்குப் பிடிக்கும். ஊதும் காற்றைக் கூட்டிக் குறைத்து ‘நில்’, ‘வா’, ‘கவனி’ என்று மூன்று விதமாகப் பேச வைக்கலாம்.

கடற்கரையில் ஆடிவிட்டு வந்தால் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். கடல்காற்றின் உப்பு முலாமின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக உள்ளே அரிக்கும். எவர்சில்வரில்கூட உப்பு காய்ந்து கிடந்தால் புள்ளி விழும். மணல் உள்ளே போயிருந்தால் முதலில் உலர்ந்த நிலையிலேயே தட்டிக் கொட்டிவிடுங்கள். நனைந்த மணல் தக்கையில் பதிந்துவிடும்.

கயிறும் வளையமும்?

கயிற்றைச் சட்டையோடு சேர்த்துத் துவையுங்கள். கழுத்து வியர்வையில் ஊறிய கயிறுதான் பல நேரம் நாறுகிறது, பழி விசில் மேல் விழுகிறது. வளையம் இரும்பாக இருந்தால் துரு ஒழுகி விசிலில் கறை பிடிக்கும். எவர்சில்வர் வளையமாக மாற்றிவிடுங்கள்.

ஊதிய பிறகு உதட்டு ஓரம் அரிக்கிறது. சுத்தம் போதவில்லையா?

இருக்கலாம். ஆனால் கழுவிய விசிலை ஊதினாலும் அரித்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கக்கூடும். கவரிங் நகை, பெல்ட் கொக்கி பட்ட இடத்தில் உங்களுக்கு அரிப்பு வருமா என்று யோசித்துப் பாருங்கள். வரும் என்றால் பிளாஸ்டிக் விசிலுக்கு மாறிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

துடைத்துவிட்டு மேலே தேங்காய் எண்ணெய் பூசலாமா?

முலாம் இல்லாத பித்தளையின் வெளிப்புறத்தில் ஒரே ஒரு சொட்டைத் துணியில் தடவித் துடைத்தால் கறுப்பது தள்ளிப்போகும். உள்ளே ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டும், குண்டு நின்றுவிடும்.

தாத்தாவின் பழைய போலீஸ் விசில் இருக்கிறது. பளபளவென்று ஆக்கலாமா?

தயவுசெய்து அவசரப்படாதீர்கள். லண்டன் பெருநகரப் போலீஸ் 1883இல் ஹட்சனின் குழல் வடிவ விசிலை ஏற்றுக்கொண்டது. பிறகு அந்த வடிவம் பல நாட்டுக் காவல்துறைகளுக்குப் போனது. அதில் குண்டு கிடையாது, நீண்ட குழலாக இருக்கும். உடம்பில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் தெருப் பெயரையும் வைத்துத்தான் அது எந்தக் காலத்தது என்று கணிக்கிறார்கள். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் முதலில் மங்குவது அந்த எழுத்துகள்தான். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்தக் கருமை அதன் வயது, இருக்கட்டும். எதைக் கொண்டு பற்றவைத்தார்கள் என்று தெரியாத பழைய விசிலை ஆசைக்காகப் பிள்ளைகள் வாயில் கொடுக்க வேண்டாம், அந்தக் காலப் பற்றில் காரீயம் இருந்திருக்கும்.

ஒரே விசிலைப் பல மாணவர்கள் ஊதுவது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எச்சில் வழியாகப் பரவும் நோய்கள் நிறைய. அணித் தலைவர்களுக்கு ஆளுக்கொரு மலிவான பிளாஸ்டிக் விசில் வாங்கிப் பெயர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். நான்கு அணிக்கு நான்கு விசில் வாங்க ஒரு பந்தின் விலைகூட ஆகாது.

எந்த நிலையில் விசிலைத் தூக்கிப் போட வேண்டும்?

தக்கையில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை தெரிந்தால். காற்றுப் பாதையில் பச்சையோ துருவோ இருந்தால். வாய்ப்பக்கம் முலாம் செதில் செதிலாக உரிந்து நாக்கில் குத்தினால். கழுவி ஒரு முழு நாள் காய்ந்த பிறகும் நாற்றம் போகவில்லை என்றால்.

நாற்றத்தைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். விசிலைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்த்தால் வரும் ‘உலோக வாடை’ அழுக்கினால் வருவதில்லை. நம் தோலின் எண்ணெய் உலோகம் பட்டு மாறுவதால் வருவது அது. அதனால் கையைக் கழுவிக்கொண்டு, விசிலைக் கயிற்றில் பிடித்துத் தூக்கி, பிளவின் அருகே மோந்து பாருங்கள். அங்கே புளித்த வாடை வந்தால் மட்டும் மாற்றுங்கள்.